எழுத்தில் வராத உத்தரவு

அக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு தாள். "எழுத்துல குடுங்க டாக்டர், எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுக்கறேன். வாய்வார்த்தைன்னா காலையில வண்டியில ஏத்திடுவேன்." மாநகராட்சி தரப்பில் தெருநாய்க் கருத்தடை மையத்தைக் கண்காணிப்பது நான், நடத்துவது அக்காவின் அமைப்பு. அதற்குச் சற்று முன்புதான் மேலதிகாரி போனில் சொல்லியிருந்தார்: "அந்த நாயை இப்போ வெளியே விடாதீங்க. தெருக்காரங்க கொதிச்சுப் போயிருக்காங்க, கொஞ்சம் ஆறட்டும்." எத்தனை நாளைக்கு சார் என்றேன். "பார்த்துக்கலாம்" என்றார்.

சைக்கிளில் போன பையனைக் கடித்த நாய் அது. பையனுக்கு 0, 3, 7, 28ஆம் நாள் என்ற கணக்கில் வெறிநோய்த் தடுப்பூசி ஓடிக்கொண்டிருந்தது. நாயைத் தனிக்கூண்டில் 10 நாள் பார்த்தோம். கடித்த நேரத்தில் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால் அதற்குள் நோய் தெரிந்துவிடும், அல்லது நாய் செத்துவிடும். இரண்டும் நடக்கவில்லை. சோற்றுத் தட்டை மூக்கால் தள்ளி மூலைக்குக் கொண்டுபோகும். கூண்டு கழுவுகிறவர் அந்தப் பக்கம் நகர்ந்த பிறகுதான் வாய் வைக்கும். முரண்டு என்று பார்த்தால் அவ்வளவுதான். அப்புறம் கருத்தடை, தடுப்பூசி, காதில் அடையாள வெட்டு எல்லாம் முடிந்து, கழுத்தில் எண் பட்டையோடு வண்டிக்குத் தயாராக இருந்தது.

அந்த 10 நாளை மக்கள் ஜெயில் தண்டனை மாதிரி நினைக்கிறார்கள். உள்ளே இருந்துவிட்டு வந்தால் திருந்தியிருக்க வேண்டும். உண்மையில் அது வெறிநோய் இல்லை என்று மட்டும்தான் சொல்லும், இனி கடிக்காது என்று சொல்லாது. இதைத் தெருவில் போய் விளக்கும் பொறுப்பு ஒப்பந்தத்தில் யார் பெயரிலும் இல்லை.

விடுவிப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

போட்டது சரி என்று இன்றைக்கும் வாதாடுவேன். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், பிடித்த இடத்திலேயே திரும்ப விடச் சொல்கின்றன. அதை மீற வேண்டும் என்றால் காரணத்தை யாராவது கோப்பில் எழுத வேண்டும். போனில் வந்த பேச்சை நான் எந்தப் பக்கத்தில் ஒட்டுவது? ஆனால் இன்னொன்றும் உண்டு. எழுதித் தாருங்கள் என்று அதிகாரியிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார், அது தெரியும். தெரிந்ததால் கேட்கவில்லையா, அக்கா ஏற்கெனவே கேட்டுவிட்டதால் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேனா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதிகாரியும் வில்லன் இல்லை. அதே பையனை அதே நாய் மறுபடி கடித்திருந்தால் தெருவில் போய் நின்று பதில் சொல்லியிருக்க வேண்டியவர் அவர். என்னை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அமைப்புக்காரர்கள் நாய்மேல் உள்ள பாசத்தில் பேசுகிறார்கள் என்பது மட்டும் அவர் தப்புக்கணக்கு. அன்று அக்கா பேசியது சுத்தமான கூண்டுக் கணக்கு. மாநகராட்சி கொடுக்கும் பணம் கருத்தடை செய்த நாய்களின் எண்ணிக்கைக்கு. கூடுதலாகத் தங்கும் நாளுக்குப் பைசா கிடையாது; அந்தச் சோறும் மருந்தும் நன்கொடையில் ஓடுகிறது. அதைவிட, ஒரு கூண்டு அடைபட்டால் அந்த வாரம் பிடித்திருக்க வேண்டிய ஒரு பெண் நாய் வெளியிலேயே இருந்து குட்டி போடும். ஒரு நாயை ஆற்றப் போட்டால், ஆறு மாதம் கழித்து அந்தத் தெருவிலிருந்தே அதிக மனுக்கள் வரும். இதை போனில் விளக்கப் பார்த்தேன். "புரியுது, ஆனா இந்த ஒரு நாய்தானே" என்றார். எல்லா நாயும் அந்த ஒரு நாய்தான்.

காலையில் அக்காவே வண்டியோடு போனார். தகராறு எதுவும் இல்லை. சில வாரங்களில் நாயைக் காணோம். சாக்கில் கட்டி எங்கோ விட்டுவிட்டார்கள் என்றார் ஒருவர், விஷம் என்றார் இன்னொருவர். வைத்திருந்தால் இருந்திருக்குமே என்று அக்கா கேட்பார் என்று காத்திருந்தேன். "பட்டை நம்பருக்கு எதிரே என்ன எழுதறது டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். விட்ட இடமும் தேதியும் இருக்கிறதே, போதும் என்றேன். அதிகாரியிடம் சொன்னபோது, "நீங்க சட்டப்படிதானே செஞ்சீங்க" என்றார். ஆறுதலா, குத்தலா, தெரியவில்லை.

இதெல்லாம் உச்ச நீதிமன்ற உத்தரவுகளுக்கு முந்தைய கதை. வெறிநோய் உள்ள, அந்தச் சந்தேகம் உள்ள, மூர்க்கமாக நடந்துகொள்ளும் நாய்களை மட்டும் திரும்ப விடக்கூடாது என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று சொன்னார்கள். நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களையும் அங்கே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்கச் சொன்னார்கள். இன்று அதே போன் வந்தால் எனக்குக் காகிதம் இருக்கிறது. நிம்மதிதான். ஆனால் அறுவை முடிந்து சில நாளில் அனுப்பிவிடும் கணக்கில் கட்டிய கூண்டுகளில், பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய ஒரு உயிரை எங்கே வைப்பது? அன்று அக்கா மறுத்தது இதைத்தான். இன்று மறுக்கவும் முடியாது.

ஒப்பந்தம் புதுப்பிக்க வந்திருக்கிறது. தங்கும் நாளுக்கும் ஒரு தொகை வேண்டும் என்று அமைப்பு எழுதியிருக்கிறது. 'பரிந்துரைக்கலாம்' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். எந்தத் தலைப்பில் செலவு காட்டுவது என்று கேட்டுக் கோப்பு திரும்பி வந்திருக்கிறது. அதற்குப் பதில் எழுத வேண்டும்.