பீல் தீவுக் கோட்டை

ஜூன் 6, வெள்ளி

வடமேற்கு இங்கிலாந்தில் இருக்கும் பாரோ நகருக்கு வந்து சேர்ந்ததும் நேராக ஃபர்னெஸ் மடத்துக்குப் போனேன். கோட்டையைப் பார்க்கும் முன், அது எதைக் காத்தது என்று பார்த்துவிட வேண்டுமே. கூரை எப்போதோ போய்விட்டது. செம்மணற்கல் சுவர்கள் மட்டும் மழையில் நனைந்து நெடுநெடுவென்று நிற்கின்றன. இங்கிலாந்தில் சிஸ்டெர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவிகள் சபையின் மடங்களில் செல்வத்தில் இரண்டாவது இடம் இதற்கு. நிலம், இரும்பு, எல்லாவற்றுக்கும் மேல் ஆட்டுக் கம்பளி. பணம் இருக்கும் இடத்தைத் தேடி ஆள் வராமல் இருப்பானா? 1322இல் ஸ்காட்லாந்து மன்னன் ராபர்ட் புரூஸ் படையோடு வந்தான். மடாதிபதி பணத்தைக் கொடுத்துத்தான் தப்பித்தார். 1327இல், பாரோவை ஒட்டிக் கடலில் இருக்கும் பீல் தீவில் கோட்டை கட்ட இங்கிலாந்து அரசனிடம் மடம் அனுமதி வாங்கியாகிவிட்டது.

ஜூன் 7, சனி

ரோவா தீவிலிருந்து சின்னப் படகு. உட்கார்ந்து சட்டையைச் சரிசெய்வதற்குள் பீல் வந்துவிட்டது. கொஞ்சம் வீடுகள், ஒரு மதுக்கடை, புல்வெளி, ஓரத்தில் கோட்டை.

தூரத்தில் கம்பீரம்தான். கிட்டே போனால், கடற்கரையில் கிடந்த உருண்டைக் கற்களை அப்படியே அள்ளிக் காரையில் பதித்திருக்கிறார்கள். மூலைகளுக்கும் சன்னல் ஓரங்களுக்கும் மட்டும் செதுக்கிய செம்மணற்கல். உருண்டைக் கல்லுக்குப் பிடிமானம் ஏது? கடல் அடிமண்ணை அரித்ததில் ஒரு பக்கம் சரிந்து, உடைந்த பூந்தி லட்டு மாதிரி பெரிய பெரிய துண்டுகளாகக் கரையில் கிடக்கிறது. மிச்சம் நிற்பதற்குக் காரணம், 19ஆம் நூற்றாண்டில் பக்ளூ பிரபு செய்த பழுதுபார்ப்பு.

மதுக்கடையை எடுத்து நடத்துபவருக்குப் 'பீல் ராஜா' என்று பட்டம். தலையில் பீர் ஊற்றித்தான் முடிசூட்டு விழா!

ஜூன் 8, ஞாயிறு

இந்தக் கோட்டை யாரிடமிருந்து யாரைக் காத்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். 15ஆம் நூற்றாண்டில், அப்போது இங்கிலாந்தின் கையில் இருந்த பிரான்ஸ் கரைத் துறைமுகமான காலே நகரத்துக் கம்பளி வணிகர்கள் ஒரு புகார் கொடுத்தார்கள்: மடத்துத் துறவிகள் சுங்கம் கட்டாமல் பீலிலிருந்து கம்பளியைக் கடத்துகிறார்களாம். துறைமுகமும் கிடங்கும் அவர்களுடையது, மதிலும் அவர்களுடையது. எனக்கென்னவோ, ஸ்காட்லாந்துக்காரனைவிடச் சுங்க அதிகாரியைத் தூர வைக்கத்தான் இது அதிகம் உதவியிருக்கும்.

படை என்று ஒன்று உண்மையாகவே வந்தபோது என்ன நடந்தது? 1487 ஜூனில் லாம்பர்ட் சிம்னல் என்ற சிறுவனை 'அரசன்' என்று முன்னிறுத்தி, அயர்லாந்து வீரர்களும் சுமார் 2,000 ஜெர்மன் கூலிப்படையினரும் இங்கேதான் கரை இறங்கினார்கள். இறங்கிய வேகத்தில் உள்நாட்டுக்குப் போய், ஜூன் 16 அன்று ஸ்டோக் என்ற இடத்தில் நடந்த போரில் தோற்றார்கள். உண்மையான அரசர் ஏழாம் ஹென்றி பையனைக் கொல்லவில்லை, அரண்மனைச் சமையலறை வேலைக்கு அனுப்பிவிட்டார்.

கடைசியில் மடத்துக்கு ஆபத்து கடல் வழியாக வரவே இல்லை. 1537 ஏப்ரலில், நாட்டு மடங்களையெல்லாம் கலைத்துக்கொண்டிருந்த அரசர் எட்டாம் ஹென்றிக்கு மடத்தையே எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதோடு கோட்டையும் அரசர் சொத்து. அப்புறம் கை மாறி, 1920இல் முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக, தீவோடு சேர்த்துப் பாரோ மக்களுக்கு வந்து சேர்ந்தது.