அம்மாவின் விரல்கள் விரிய

கோத்தகிரியில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த கை அம்மாவுடையது. பக்கவாதம் வந்த பிறகு அந்த வலக்கை மூடியபடியே இறுகிவிட்டது. பொருளைப் பிடிக்க முடிகிறது; பிடித்ததை விட முடிவதில்லை. இது எனக்கு உறைக்க ஒரு மாதம் ஆனது. விரல்களை மடக்கும் கையுறையைத்தான் முதலில் தைக்க உட்கார்ந்தேன். இயன்முறை மருத்துவர் திருத்தினார்: "மடக்க அவருக்கு உதவி வேண்டாம், விரிக்கத்தான் வேண்டும். அதையும் மெதுவாகச் செய்யுங்கள். வெடுக்கென்று இழுத்தால் தசை இன்னும் இறுகும்."

கையுறையில் இரும்புச் சட்டம் கூடாது, துணியோடு துணியாக இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். எனவே விரல்களை இழுத்து விரிக்கக் காற்றுத் தசையில் தொடங்கினேன். ஜோசப் மெக்கிபன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1950களில், போலியோவால் கை செயலிழந்த தம் மகளுக்காக உருவாக்கியது இது. பின்னல் உறைக்குள் ஒரு ரப்பர் குழாய். காற்றை ஏற்றினால் குழாய் பருக்கும், நீளம் கால் பங்கு வரை குறையும். இழுவை அவ்வளவு இதமானது! ஆனால் காற்றழுத்தும் இயந்திரம் போட்ட இரைச்சலில் அம்மா தூக்கம் கலைந்து எழுந்தார். குழாயின் நீளத்தைத் தாண்டி அவரால் நகரவும் முடியவில்லை. காற்றை உறிஞ்சிச் சுருங்கும் வகையைப் பார்க்கச் சொன்னான் கோவை நண்பன். அந்த வகைக்கு வலிமை தருவது வெளிக்காற்றின் அழுத்தம். கோத்தகிரி இருக்கும் சுமார் 1800 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோவையில் தூக்கும் எடையை அது இங்கே தூக்காது.

அடுத்தது நிட்டினால் கம்பி. நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கினால் சத்தமே இல்லாமல் சுருங்கும். ஆனால் சுருக்கம் சுமார் 4 சதவீதம்தான். எனக்கு வேண்டிய 4 சென்டிமீட்டர் இழுவைக்கு ஒரு மீட்டர் கம்பி தேவை. ஆறினால்தான் கம்பி மறுபடி நீளும்; மலைக்குளிரில் அது சீக்கிரம் ஆறும் என்று நம்பினேன். துணிக்குள் வைத்ததும் ஆறவில்லை. உணர்ச்சி மங்கிய தோலின் மேல் அவ்வளவு சூட்டை வைக்க எனக்கு மனமும் இல்லை.

கடைசியில் கைகொடுத்தது சைக்கிள் பிரேக் கம்பி. நடைக்கு உதவும் மென்மையான உடையில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொறியியலாளர் கானர் வால்ஷின் குழுவினரும் உறைக்குள் ஓடும் கம்பியைத்தான் பயன்படுத்தினார்கள். இடுப்புப் பையில் பல்சக்கர மோட்டார், அங்கிருந்து புறங்கை வரை உறை, விரல் முதுகில் மீன்பிடி நரம்பு. எடை முழுவதும் இடுப்போடு நின்றுவிடுவதால் கை இலேசாக இருக்கிறது.

இதிலும் ஒரு சிக்கல். அம்மா முழங்கையை மடக்கினால் விரல்கள் பாதிதான் விரிந்தன. உறை எவ்வளவு நீளம் என்பதைவிட, மொத்தம் எத்தனை பாகை வளைகிறது என்பதுதான் உராய்வைக் கூட்டுகிறது. பாதையை நான்கு முறை பிரித்துத் தைத்தேன். முழங்கையின் உட்புறத்தைத் தவிர்த்து, மேற்கையின் வெளிப்புறமாகத் தளர்வாகக் கொண்டுபோனதும் இழுவை சீரானது. மோட்டாரின் வேகத்தையும் குறைத்தேன். விரல்கள் முழுதாக விரிய இப்போது ஆறு நொடி ஆகிறது.

போன வாரம் அம்மா சுக்குக் காப்பி குடித்துவிட்டு டம்ளரைத் திண்ணையில் வைத்தார், பொத்தானை அழுத்தினார், விரல்கள் ஒவ்வொன்றாக அதைவிட்டு விலகின. "இன்னொரு தடவை வைத்துப் பார்க்கட்டுமா கண்ணு?" என்று கேட்டு, காலி டம்ளரை மறுபடி எடுத்தார். விடியற்காலைக் குளிரில் உறைக்குள் கிரீஸ் இறுகி இழுவை தடுமாறுகிறது. அதனால் இரவில் கையுறையை அடுப்படிச் சுவரில் மாட்டி வைக்கிறேன்.