இரண்டு மாலிக்குகள்

1994-இல் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளைக்கு மாற்றலாகிப் போனேன். சுற்றிலும் கரும்பு. குளிர்காலம் முழுவதும் வெல்லம் காய்ச்சும் வாசனை. முதல் வாரமே பயிர்க்கடன் கேட்டு இரண்டு பெரியவர்கள் சேர்ந்து வந்தார்கள். இரண்டு மனுவிலும் பெயருக்குப் பின்னால் 'மாலிக்'. மாலிக் என்றால் முஸ்லிம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம். இருவரும் ஜாட் என்ற வட இந்திய விவசாயச் சாதி, மாலிக் என்பது கோத்திரம். முஸ்லிம் ஜாட்டுகளை அங்கே மூலே ஜாட் என்பார்கள். பஞ்சாபில் ஜாட்டுகளில் பெரும்பாலோர் சீக்கியர்கள். அவர்களின் சீமா, பாஜ்வா என்ற குலப்பெயர்களையே எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானில் முஸ்லிம்கள் வைத்திருக்கிறார்கள்.

ஒரு மாலை முஸ்லிம் மாலிக் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஹுக்கா இருவர் கையிலும் மாறி மாறிப் போனது. பேச்சு கல்யாணத்துக்கு வந்தது. என் மனைவி என் மாமன் மகள் என்றேன். முஸ்லிம் மாலிக் ஹுக்காக் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"அது தங்கை அல்லவா, பேட்டா?"

"உங்கள் மார்க்கத்தில் தடையில்லையே, தாவூ?"

"மௌல்வி அப்படித்தான் சொல்வார். ஆனால் நாங்கள் ஜாட். சொந்தக் கோத்திரத்திலேயே பெண் எடுக்க மாட்டோம்."

இந்து மாலிக்கும் தலையாட்டினார். அவர்கள் இருவரும் ஒரு கட்சி, இந்துவான நான் தனி! அந்தத் திண்ணையை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. விவசாயிகள் தலைவர் மகேந்திர சிங் டிகாயத்தின் கூட்டங்களில் 'அல்லாஹு அக்பர்', 'ஹர ஹர மகாதேவ்' இரண்டும் சேர்ந்தே ஒலித்ததை அவர்கள்தான் பெருமையாகச் சொன்னார்கள்.

2013 செப்டம்பரில் அங்கே மூண்ட இந்து-முஸ்லிம் கலவரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பல்லாயிரம் பேர், பெரும்பாலும் முஸ்லிம்கள், ஊரைவிட்டு ஓடினார்கள். நான் அப்போது திருச்சியில் இருந்தேன். பெரியவர்கள் இருவரும் ஏற்கெனவே காலமாகியிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் இந்து மாலிக்கின் மகனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள், அங்கிள். அவர்கள் வயல் கரும்பையும் நாங்களே வெட்டி வெல்ல ஆலையில் போட்டோம். பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வாங்க யாரும் வரவில்லை."

எனக்குப் பேச்சு வரவில்லை.

2021 செப்டம்பர் 5 அன்று முசாபர்நகர் விவசாயிகள் மாநாட்டு மேடையில் ராகேஷ் டிகாயத், தன் தந்தை காலத்துக் கோஷங்கள் இரண்டையும் எழுப்பினார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த கையோடு மறுபடியும் அழைத்தேன். பணத்தை வாங்கிக்கொண்டார்களா என்று கேட்டேன்.

"மறு வருடமே அண்ணன் வந்து வாங்கிக்கொண்டார். வயல் இன்னும் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. வீட்டை மட்டும் விற்றுவிட்டார்கள்."

அந்தத் திண்ணை இருந்த வீடு.