புதுக் கேமராவும் இருண்ட முகங்களும்

ஜூன் 5

கேமரா கைக்கு வந்து இரண்டு நாள். நூற்றுச் சொச்சம் படம் எடுத்தாயிற்று, தேறியது பத்துகூட இல்லை. அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்ததில் வெளியே நிற்கும் மரம் இலை இலையாகத் தெரிகிறது, அக்காவைத்தான் காணோம், நிழல் மாதிரி ஒரு உருவம் இருக்கிறது. “இதுக்கு என் போனே பரவாயில்லடா” என்றாள். ஒரு தடவை அமுக்கினால் போன் வரிசையாகப் பல படங்களை எடுத்து, ஒன்றோடொன்று கலந்து, இருட்டையும் வெளிச்சத்தையும் அதுவே சரிக்கட்டிக் கொடுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் அதைச் சொன்னால் சாக்குச் சொல்கிறேன் என்பாள், பேசாமல் இருந்துவிட்டேன்.

ஜூன் 6

இன்று சோதனை. வெள்ளைச் சுவரை மட்டும் ஒரு படம், கறுப்புப் பூனை தூங்கும்போது கிட்டப் போய் ஒரு படம். சுவர் அழுக்குச் சாம்பலாக வந்தது, பூனையும் சாம்பல்! கோளாறு கேமராவில் இல்லை. அதன் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளை நிறைய இருந்தால் ‘ஐயோ வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்துவிடும், கறுப்பு நிறைய இருந்தால் கூட்டிவிடும். அக்கா படத்தில் ஜன்னல்தான் அதை ஏமாற்றியிருக்கிறது.

மருந்து, கூட்டல் கழித்தல் குறி போட்ட அந்தப் பொத்தான். சுவருக்கு +1 வைத்தேன், வெள்ளையானது. பூனைக்கு −1, கறுப்பானது. (பூனை எழுந்து போய்விட்டதால் மூன்றாவது படம் வால் மட்டும்.)

ஜூன் 7

ராத்திரி, வீட்டுக்குள். எல்லோருக்கும் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கிறது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 வரை. நம் கண் இந்த வித்தியாசத்துக்குத் தானாகப் பழகிக்கொள்வதால் வெள்ளைச் சட்டை எங்கேயும் வெள்ளையாகவே தெரிகிறது. கேமராவும் ஆட்டோவில் ஓரளவு சமாளிக்கும், மஞ்சள் பல்பு என்றால் பாதியில் நின்றுவிடுகிறது. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸைப் பல்புப் படம் போட்ட இடத்துக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது.

டியூப்லைட்டின் கீழ் லேசான பச்சை, அதற்குத் தனிக் குறி இருக்கிறது. வம்பு எங்கே என்றால் ஜன்னல் வெளிச்சமும் பல்பும் சேர்ந்து விழும்போதுதான். முகத்தில் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள், எந்தக் குறிக்கும் மசியாது. பல்பை அணைத்துவிடுவதுதான் வழி.

ஜூன் 8

நேற்று பல்புக் குறியில் வைத்ததை மறந்தே போனேன். காலை வெயிலில் நாற்பது படம், அத்தனையும் மைப்புட்டியில் முக்கி எடுத்த மாதிரி நீலம். அதுவும் வெறும் ஜேபெக்கில், அதாவது கேமராவே நிறத்தை முடிவுசெய்து சுருக்கிச் சேமித்த கோப்பில்.

கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து, வெளிச்ச அளவுகளை மாற்றும் லெவல்ஸில் நடுச் சாம்பலுக்கான சொட்டுக்குழாயை எடுத்து, படத்தில் நிஜமாகவே சாம்பலாக இருக்கவேண்டிய சிமென்ட் சுவர் ஒன்றைத் தொட்டேன். ஒரே தொடலில் பெரும்பாலான நீலம் போய்விட்டது. முதலில் வெண்ணிற மேகத்தைத் தொட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை. முழுதாக வெளுத்துப்போன இடத்தில் எடுக்க நிறத் தகவலே இருக்காது. சுவர் சரியானாலும் முகங்கள் மெழுகுப் பொம்மை மாதிரிதான் இருக்கின்றன. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், அதிலும் சிவப்பைக் கேமரா ஏற்கெனவே அமுக்கிவிட்டது, அதை இழுத்து நீட்டினால் திட்டுத்திட்டாகத்தான் வரும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16384 படிகள். தவிர, ராவில் ஒயிட் பேலன்ஸ் என்பது ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பு மாதிரி, பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இதை நேற்றே படித்திருக்கக் கூடாதா!

நாற்பதில் இருபது தேறின. ஒன்றை மட்டும் நீலமாகவே விட்டுவிட்டேன், அது நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 9

இனி ரா, ஜேபெக் இரண்டும் சேர்த்துத்தான். வேண்டுமென்றே இருட்டாக எடுத்து ரா கோப்புகளைத் திருத்தும் டார்க்டேபிள் மென்பொருளில் வெளிச்சத்தைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு தூக்கியும் ஒன்றும் ஆகவில்லை, நான்கு ஸ்டாப் தூக்கியதும் நிழலெல்லாம் மணல் தூவிய மாதிரி. வெளுத்துப்போன வானம் மட்டும் எந்தப் பக்கம் இழுத்தாலும் திரும்பி வரவில்லை.

கேமராத் திரையை நம்பக் கூடாது. ராத்திரியில் அதில் எல்லாமே பளிச்சென்று தெரியும், கணினியில் போட்டால் இருட்டு. படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம்தான் பொய் சொல்லாதது. இடது மூலையில் குவிந்திருந்தால் இருட்டு, வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் வெளுப்பு.

ஜூன் 11

அக்காவை மறுபடி கெஞ்சி உட்காரவைத்தேன். அதே ஜன்னல், பல்பு அணைத்தாயிற்று, இந்தத் தடவை பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டேன். ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை முகத்தில் வைத்து எடுத்தேன். ஜன்னல் கொஞ்சம் வெளுத்தது, வெளுக்கட்டும்.

சாம்பல் அட்டையை வைத்து அளந்து நிறத்தைத் துல்லியமாகத் திருத்தி, பெருமையாகக் காட்டினேன். “ஆஸ்பத்திரியில எடுத்த மாதிரி இருக்குடா” என்றாள். மென்பொருளில் 5900 என்று இருந்த கெல்வினை 6500 ஆக்கினேன், வெளிச்சம் இன்னும் நீலம் என்று நினைத்து அது ஈடுகட்ட, லேசாக மஞ்சள் ஏறியது. அட்டைப்படி பார்த்தால் தப்பு. அவள் உடனே வாங்கித் தன் போனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள்.

படுக்கப் போகும் முன் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில்தான் இருக்கிறதா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன்.