சார்ல்ஸ்டன், தென் கரோலினா, அமெரிக்கா. அக்டோபர் 2024

அக்டோபர் 8, செவ்வாய்
பிள்ளை பெறப்போகும் மகளுக்கு ரத்த அழுத்தம் 150/96. மறுபடியும்.

அக்டோபர் 9, புதன்
புயல் ஃபுளோரிடாவுக்குத்தான், இங்கே வராது என்று டாக்டர், நர்ஸ், கார் நிறுத்துமிடத்துக் காவலர் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருக்கும். இருக்காதா?

அக்டோபர் 12, சனி
"இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் பிரஷர் வந்துவிடும் அத்தை" என்று மாப்பிள்ளை பூன் ஹால் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அவளும் போகச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்திருப்பாள்.

வாசலிலிருந்து இரு பக்கமும் ஓக் மரங்கள், 1743இல் நட்டவை. கிளைகளில் சாம்பல் நிறப் பாசி தொங்குகிறது. எல்லாரும் அந்தச் சாலையையும் அதன் முடிவில் நிற்கும் வெள்ளைத் தூண் மாளிகையையும் படமெடுக்கிறார்கள். மாளிகை 1936இல் கட்டியது! பழையவை, வழியோரம் வரிசையாக இருக்கும் ஒன்பது செங்கல் குடிசைகள்தான். 1790க்கும் 1810க்கும் இடையில் கட்டியவை. அடிமைகள் குடியிருந்தவை. பழைமையைப் பார்க்க வந்த கூட்டம் புது வீட்டின் முன்னால் வரிசையில் நிற்கிறது.

இந்தத் தோட்டத்தில் செங்கல் சூளை இருந்தது. 1850 வாக்கில் 85 அடிமைகளை வைத்து ஆண்டுக்கு 40 லட்சம் செங்கல் அறுத்திருக்கிறார்கள். சில கற்களில் ஈர மண்ணில் பதிந்த விரல் தடம் அப்படியே இருக்கிறது. சின்ன விரல்கள். பிள்ளைகளும் மண் வேலை செய்தார்கள். என் சுண்டு விரலை வைத்துப் பார்த்தேன், உள்ளே போகவில்லை.

இந்த ஊர்ப் பக்கத் தோட்டங்களில் கல்யாணம் நடத்துகிறார்களாம். எந்தப் பெண்ணுக்கு மனம் வருகிறது?

அக்டோபர் 13, ஞாயிறு
142/92. சிறுநீரில் புரதம் எவ்வளவு என்று நாளைதான் தெரியும்.

நேற்றைய தோட்டத்தில் குல்லா பெண் ஒருவர் தம் மக்கள் பேச்சிலேயே பேசி, பாடிக் காட்டினார். இந்தக் கரையோரத்துக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்களுக்குத்தான் குல்லா என்று பெயர். ஆங்கிலமும் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த மொழி. காது பழகியதும் பாதி புரிந்தது. அவர் கையில் வட்டமான, விளிம்பு தாழ்ந்த புல் கூடை ஒன்று. நெல் புடைப்பதற்கு. நம் முறம்தான், வட்டமாகச் செய்தது. உரல் உலக்கையும் இருந்தது. வேளாண்மைத் துறையில் முப்பது வருடம் இருந்தவளுக்கு அதற்கு மேல் மாளிகை எங்கே கண்ணில் படும்!

இங்கே நெல் விளைந்த கதையைக் கேட்டால் வயிறு எரிகிறது. சதுப்புக் காட்டை வெட்டி, முழங்கால் சேற்றில் நின்று மைல் கணக்கில் கரை போட்டிருக்கிறார்கள். கடல் ஏறும்போது ஆற்றின் நல்ல தண்ணீரை மேலே தள்ளும். அந்த நேரம் பார்த்து மரப்பெட்டி மதகைத் திறந்து வயலுக்குப் பாய்ச்ச வேண்டும். கடல் இறங்கும்போது வடிக்க வேண்டும். கொஞ்சம் தவறினால் உப்பு உள்ளே வந்துவிடும். சியரா லியோன், காம்பியா பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நெல் பயிரிட்டவர்களை இங்கே கொண்டுவந்து விற்றார்கள். 'நெல் கரையிலிருந்து வந்தவர்கள்' என்று ஏல விளம்பரத்திலேயே போட்டார்கள். வேலை தெரிந்தவர்கள் என்று அறிந்தேதான் வாங்கினார்கள். பெயர் மட்டும் தோட்ட முதலாளிக்கு.

அக்டோபர் 14, திங்கள்
புரதம் கூடியிருக்கிறது. எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்
136/88! டாக்டர் சிரித்தார்.

17ஆம் எண் நெடுஞ்சாலையோரக் கடையில் கூடை வாங்கினேன். இனிப்புப் புல்லைச் சுருள் சுருளாக அடுக்கி, பனை ஓலைக் கீற்றால் தைக்கிறார்கள். ஊசிக்குப் பதில் தீட்டிய கரண்டிக் காம்பு. விலை கேட்டதும் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பேரம் பேச வாய் வரவில்லை. புல் முளைத்த கடற்கரையெல்லாம் இப்போது விடுதிகளும் வேலி போட்ட வீடுகளும், புல்லுக்கே அலைகிறார்களாம்.

அக்டோபர் 16, புதன்
இங்கே திண்ணைக் கூரையின் உட்புறம் வெளிர் நீலம் பூசுகிறார்கள். ஆவி அண்டாதாம். முன்பெல்லாம் அவுரித் தொட்டிக் கசடிலிருந்து எடுத்த நிறம் என்கிறார்கள். தொட்டில் அறைக்கும் அடிக்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன். மாப்பிள்ளை பதிலே சொல்லவில்லை.

அக்டோபர் 17, வியாழன்
அந்தச் சின்ன விரல். இரவெல்லாம் அதே நினைப்பு.

அக்டோபர் 18, வெள்ளி
மகளுக்கு ஒரு கதை சொன்னேன். 1930களில் மொழியறிஞர் லொரென்சோ டர்னர், ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக்கில் அமீலியா டாலி என்ற பெண் பாடியதைப் பதிவு செய்தார். பாடியவருக்கே பொருள் தெரியாது. அது சியரா லியோனின் மெண்டே மொழி. 1997இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் அங்கே போனார். செனெஹுன் இங்கோலா என்ற கிராமத்தில் பெண்டு ஜபாட்டி அதே பாட்டை அறிந்திருந்தார். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது பாட்டி. சாவுச் சடங்கில் பாடுவது என்பதை மட்டும் நான் என் மகளிடம் சொல்லவில்லை.

"நீ என்ன பாடப்போகிறாய் அம்மா?" என்றாள். எனக்கு எந்தத் தாலாட்டும் முழுதாகத் தெரியாது.

அக்டோபர் 20, ஞாயிறு
நேற்று சப்பலோ தீவில் குல்லா கீச்சி மக்களின் பண்பாட்டு விழா. ஹாரிஸ் நெக் இருக்கும் அதே மாவட்டம். திரும்பிப் போகப் படகுக்காகக் காத்திருந்தவர்கள் நின்ற அலுமினியப் பாலம் முறிந்து ஏழு பேர் இறந்துவிட்டார்கள். தீவுக்குப் போக வர படகை விட்டால் வழியில்லை. போன வருடம்தான் அங்கே பெரிய வீடு கட்ட விதியைத் தளர்த்தினார்கள். வரி ஏறினால் சொந்தக்காரர்கள் விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

மகளிடம் யாரும் சொல்ல வேண்டாம் என்றேன். அவள் போனில் முதலிலேயே பார்த்துவிட்டாள். 152/98.

அக்டோபர் 21, திங்கள்
செயின்ட் ஹெலினா தீவில், 1862இல் விடுதலை பெற்றவர்களுக்காகத் தொடங்கிய பள்ளியின் வளாகம், பென் சென்டர் என்ற பெயரில், இன்றும் இருக்கிறது. புதன்கிழமை போகலாம் என்கிறார் மாப்பிள்ளை. எட்டு மணிக்கு டாக்டர் வருவார். அவர் என்ன சொல்கிறாரோ அதைப் பொறுத்து