மீன்காரி குரல்

“கொஞ்சம் அமைதியாகப் பேசுங்களேன்” என்றார் மேலாளர். நான் கத்தவே இல்லை. சத்தியமாக.

கோடை லீவு பட்டியல் போடும் கூட்டம் அது. ஆகஸ்ட் வந்தால் பாரிஸ் ஆபீஸ்களில் ஈ, காக்கை இருக்காது. மூன்று வருடமாக எங்கள் ஆபீசில் அந்த ஈயும் காக்கையும் நான்தான். இந்தத் தடவை பாண்டிச்சேரிக்கு, வீராம்பட்டினத்து ஆடித் தேருக்குப் போயே ஆகணும், லீவு வேண்டும் என்று கேட்டேன். எனக்கு முன்னால் கேட்டவர் மேசையையே தட்டினார். அவருக்குக் கிடைத்தது, “தெளிவாகப் பேசுகிறார்.” எனக்கு, “ஏன் இவ்வளவு கோபம்?”

வெளியே வரும்போது காபி மெஷின் பக்கம் யாரோ சிரித்துக்கொண்டே “புவாசொன்னியேர்” என்றது காதில் விழுந்தது. அப்படியென்றால் மீன்காரி. வாய் நீண்ட பெண்ணுக்கு இங்கேயும் அதே பட்டம்தான். பதினோரு வருடத்தில் எந்தப் பிரெஞ்சுச் சொல்லும் இவ்வளவு சீக்கிரம் எனக்குப் புரிந்ததில்லை.

எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் நான்தான் ஊமைக்கோட்டான் என்று சொன்னால் இவர்கள் நம்புவார்களா?

மகள் உளவியல் முதல் வருடம் படிக்கிறாள். கேட்டுவிட்டு, 1976-ல் அமெரிக்காவில் டங்கன் என்பவர் செய்த சோதனையைச் சொன்னாள். வெள்ளைக்கார மாணவர்களுக்கு ஒரு காட்சி: இருவர் வாக்குவாதம், ஒருவர் மற்றவரைத் தள்ளுகிறார். தள்ளியவர் கறுப்பர், தள்ளப்பட்டவர் வெள்ளையர் என்றால் 75 சதவீதம் பேர் வன்முறை என்றார்கள். ஆளை மாற்றிப் போட்டால் 17 சதவீதம்தான். மற்றவர்களில் பலருக்கு அது விளையாட்டு, இல்லையென்றால் நடிப்பு. “அதே தள்ளுதான்மா, கைதான் வேற.”

எனக்கு அந்த வெள்ளைக்கார மாணவர்கள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பெரிய மார்க்கெட் ஞாபகம்.

ஞாயிற்றுக்கிழமை. அம்மா சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்து, “நேத்து மீனை யார் தலையில கட்டப் பாக்குற?” என்பாள், கூரை அதிர. மீன்காரம்மா அரிவாள்மனையிலிருந்து நிமிராமலே, “கண்ணைப் பாரு தாயி, பளிங்காட்டம் இருக்கு. வேணாம்னா வச்சிட்டுப் போ” என்பார். இரண்டு குரலும் ஒரே உயரம்தான். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் அம்மாவின் பேரம் சாமர்த்தியம் ஆகிவிடும், அந்த அம்மாவின் பதில் “குப்பத்து வாய்.” நாங்களும் சிரிப்போம். நான் கொஞ்சம் கூடவே. அந்தக் குரலை நடித்துக் காட்டுவது என் வேலை.

சரி, இப்போது பழகிவிட்டது. எது கேட்டாலும் முன்னால் ஒரு மன்னிப்பு, பின்னால் ஒரு நன்றி. சனிக்கிழமைச் சந்தையில் மீன் கடைக்காரர் தொண்டை கிழியக் கூவுகிறார், எல்லோரும் ரசிக்கிறார்கள். ஐஸ்மேல் சங்கரா நிறத்தில் ஏதோ ஒரு மீன். செவுளைத் தூக்கப் போன கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“வீராம்பட்டினத்துலேருந்து வந்து மீன் குடுப்பாங்களே, அவங்க பேர் என்னம்மா?”

“யாரு, மீன்காரம்மாவா?”

“ஆமா. இருபது வருஷம் வாங்கினோமே. பேரு?”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“மீன்காரம்மான்னுதான்டி கூப்பிடுவோம்… அது கெடக்கட்டும், ஏன் இவ்ளோ மெதுவா பேசுற? லைன் சரியில்லையா?”