டீக்கடைச் சக்கையில் காஃபீன்: மூன்றாவது தடவை தேறிவிட்டது

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு, ஐஸ் போட்டு வைத்த குடுவையின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஊசிகள், டீத்தூள் சக்கையிலிருந்து பிரித்த காஃபீன் படிகம்! வீட்டில் எல்லாரையும் எழுப்பிக் காட்டித் திட்டு வாங்கினேன்.

முதல் தடவை வீட்டுச் சக்கை. பாலோடு கொதித்தது, அதனால் குழம்பாகிப்போனது. அப்புறம்தான் தெருமுனை டீக்கடை அண்ணனிடம் கேட்டேன். அங்கே துணிக்குள் வெந்நீர் மட்டும்தான் போகும், பால் டம்ளரில்தான் சேரும். காயவைத்து 200 கிராம், வாஷிங் சோடா போட்டு இருபது நிமிடக் கொதி, வடிகட்டல், சுண்டவைத்தல் எல்லாம் வழக்கம்போல.

வில்லங்கமே பிரிபுனலில்தான் (கலக்காத இரண்டு திரவத்தைத் தனித்தனியாக இறக்கும் குழாய் வைத்த புனல்). சோடா டானினை (டீயின் துவர்ப்புப் பொருள்) உப்பாக மாற்றி நீரிலேயே நிறுத்திவிடும், நல்லதுதான், ஆனால் அந்த உப்பு சோப்பு மாதிரி வேலை செய்வதால் காஃபீனை இழுக்கும் கரைப்பானான டைகுளோரோமீத்தேன் ஊற்றிக் குலுக்கினால் போச்சு, நடுவில் இரண்டும் கலந்த பால்மம் கட்டிக்கொண்டு விடிய விடிய பிரியாது. இரண்டாவது தடவை அப்படித்தான் கோட்டைவிட்டேன். இந்தத் தடவை குலுக்கவே இல்லை. நன்றாக ஆறவிட்டு (அது 40 டிகிரியிலேயே கொதிக்கிற சாமான், சூட்டோடு ஊற்றினால் மூடி பறக்கும்), புனலைப் படுக்கவைத்துத் தொட்டில் ஆட்டுவதுபோல ஐந்து நிமிடம், அப்புறம் ஒரு கை கல்லுப்பு. கொஞ்சம் பால்மம் அப்போதும் மிஞ்சியது. பஞ்சின்மேல் ஈரத்தை உறிஞ்சும் நீரற்ற சோடியம் சல்பேட் பரப்பி அதன்வழியாக விட்டேன், தெளிந்துவிட்டது.

மொட்டைமாடியில் வைத்து ஆவியாக்கியதும் பச்சை கலந்த அழுக்குத்தூள் 0.4 கிராம். மணல் சட்டியில் சூடாக்கி, மேலே அந்த ஐஸ் குடுவையை வைத்துப் பதங்கமாக்கியபின் (உருகாமல் நேரே ஆவியாகிக் குளிர்ந்த இடத்தில் படியவிடுவது) 0.23. பல கொதி கண்ட சக்கையில் இவ்வளவு தேறியதே பெரிசு. அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் பழுப்பும் கூடவே ஏறுகிறது. வாயில் வைக்கிற சமாச்சாரமில்லை, கரைப்பான் மிச்சம் இருக்கும்.

கரைப்பானுக்குப் பட்ட பாடு தனிக்கதை. இரண்டரை லிட்டர் பாட்டில்தான் தருவேன் என்று ஒரு கடைக்காரர் பிடிவாதம். அரை லிட்டருக்கு நாலு கடை ஏறி இறங்கினேன்.

சுத்தமாக இருக்கிறதா என்று தெரிய உருகுநிலை பார்க்க வேண்டும், இன்னும் பார்க்கவில்லை. சூடு 235 டிகிரியைத் தாண்ட வேண்டும், அதற்குள் காஃபீன் பதங்கமாகி ஓடிவிடும் என்பதால் அதைப் போடும் மெல்லிய கண்ணாடி நுண்குழாயின் இரண்டு முனையையும் உருக்கி அடைக்க வேண்டும், என் பர்னரில் குழாய் வளைந்துதான் போகிறது. அதற்குள் க்ரீன் டீ சக்கை சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். எத்தில் அசிட்டேட் என்ற இன்னொரு கரைப்பானில் கேட்டிச்சின் (பச்சைத் தேயிலையின் துவர்ப்புப் பொருள்) வருகிறதா பார்க்கலாம். கறுப்புத் தேயிலையில் அது பெரும்பாலும் ஆக்சிஜனேற்றமாகிப் போயிருக்கும்.